பாலிமர் படலத்தில் நானோ துளைகள்: முதல் மாதிரியைச் சூடாக்கும் முன் படிக்க ஒரு வழிகாட்டி

ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வேலை நான்கு வரியில் முடிந்துவிடும். படலம் பூசப்பட்டது, வெற்றிட அடுப்பில் சூடாக்கப்பட்டது, புற ஊதாக் கதிர் காட்டப்பட்டது, அசிட்டிக் அமிலத்தில் கழுவப்பட்டது. அவ்வளவுதான். அந்த நான்கு வரிகளுக்கு நடுவே எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும், எது மாதக்கணக்கில் தாமதமாகும், படத்தில் தெரிகிற ஓட்டைகளில் எது நம்முடையது, எது தூசியால் வந்தது என்பதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. சொந்த க்ளீன் ரூம் (தூசி வடிகட்டிய ஆய்வு அறை) இல்லாத கல்லூரியிலிருந்து இதில் இறங்கி நான் நிறைய அலைந்துவிட்டேன். எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவர்களுக்கும் முதல் ஆண்டு ஸ்காலர்களுக்கும் அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றே ஒன்று: பாலிஸ்டைரீனும் பி.எம்.எம்.ஏ.வும் (பாலிமெத்தில் மெதக்ரிலேட்) ஒரே சங்கிலியில் நீளத் துண்டுகளாக இணைந்த பிளாக் கோபாலிமர். துளை செய்யக் கற்றுக்கொள்ள இதைவிட நன்றாக ஆராயப்பட்ட பொருள் கிடைப்பது கடினம். வெப்பம் மட்டுமே துளையைத் திறக்கும் இன்னொரு வழியும் உண்டு. அதைக் கடைசிக்கு முந்தைய பகுதியில் சொல்கிறேன்.

1. எந்தத் துளை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மெல்லிய பாலிமர் படலத்தைச் சூடாக்கினால் ஓட்டை விழுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் நீங்கள் தேடுவது. இதைப் புரிந்துகொள்ளாமல் அடுப்பைத் தொடாதீர்கள்.

நமக்கு வேண்டிய துளை இப்படி உருவாகிறது. பாலிஸ்டைரீனுக்கும் பி.எம்.எம்.ஏ.வுக்கும் ஒத்துப்போகாது. ஆனால் இரண்டும் ஒரே சங்கிலியில் கட்டுண்டு இருப்பதால் எண்ணெயும் தண்ணீரும்போல முழுசாகப் பிரிந்து போகவும் முடியாது. அதனால் சில பத்து நானோமீட்டர் அளவிலேயே பிரிந்து நிற்கின்றன. பி.எம்.எம்.ஏ. பங்கு சுமார் 30 சதவீதமாக இருந்தால் அது உருளை உருளையாகத் திரண்டு, பாலிஸ்டைரீனுக்கு நடுவே அறுகோண ஒழுங்கில் அடுக்கப்படும். படலத்தைப் பூசிய உடனே இந்த ஒழுங்கு வராது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது சங்கிலிகள் பாதி வழியில் உறைந்துபோகின்றன. விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (இனிமேல் டிஜி) மேலே சூடாக்கினால்தான் சங்கிலிகள் நகர்ந்து தத்தம் இடத்துக்குப் போகும்.

ஆகவே இந்த முறையில் சூடாக்கி முடித்ததும் துளை இருக்காது. துளை வரப்போகும் இடங்கள் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். பிறகு பி.எம்.எம்.ஏ.வை நீக்கினால்தான் துளை திறக்கும். இட்லி வேகும்போது வாயு கிளம்பித் துளை விழுகிறதே, அந்த மாதிரி இங்கே நடப்பதில்லை. சூடாக்கிய உடனே மைக்ரோஸ்கோப்பில் பெரிய பெரிய ஓட்டைகளைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள், ஏதோ தப்பாகியிருக்கிறது.

2. தாள் வேலையைப் பாலிமர் வருவதற்கு முன்பே தொடங்குங்கள்

சோதனைக்கு ஆகும் நேரத்தைவிட அனுமதிக்கு ஆகும் நேரம் அதிகம். உங்கள் துறையில் ஸ்பின் கோட்டரும் (சுழற்றிப் படலம் பூசும் கருவி) ஹாட் பிளேட்டும் இருக்கலாம். நல்ல ஏ.எஃப்.எம். (ஊசி முனையால் பரப்பைத் தடவிப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்), எலிப்ஸோமீட்டர் (ஒளியால் படலத் தடிமனை அளப்பது), குறைந்த மின்னழுத்தத்தில் படம் எடுக்கும் எஸ்.இ.எம். (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) மூன்றும் ஒரே கல்லூரியில் கிடைப்பது அரிது. அதனால் வெளி மையங்களை நம்பித்தான் ஆக வேண்டும்.

மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, வெளியாட்களுக்குத் தருவார்களா என்பதைத் தேட அதுவே முதல் இடம். டி.ஜி.ஏ. (சூடாக்கும்போது எடை குறைவதை அளப்பது), டி.எஸ்.சி. (சூடாக்கும்போது பொருள் உறிஞ்சும் வெப்பத்தை அளந்து டிஜியைக் காட்டுவது) போன்ற சோதனைகளுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சைஃப் எனும் பொதுக் கருவி மையத்தைப் பார்க்கலாம். நானோ உற்பத்தி வசதி வேண்டுமென்றால் ஐ.என்.யு.பி. திட்டம் இருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., மும்பை, சென்னை ஐ.ஐ.டி.கள் போன்ற இடங்களின் நானோ மையங்களை வெளிக் கல்லூரி மாணவர்கள் பயன்படுத்த வழி செய்யும் திட்டம் அது. அறிமுகப் பட்டறை, கையால் செய்து பழகும் பயிற்சி, பிறகு சொந்த ஆய்வு முன்மொழிவு என்று படிப்படியாகப் போகும். முதல் ஆண்டிலேயே அறிமுகப் பட்டறைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: கல்லூரி அடையாள அட்டை, கைடின் கடிதம் (லெட்டர்ஹெட்டில், துறைத் தலைவரின் முத்திரையோடு), புராஜெக்ட் எண் இருந்தால் அது, நீங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள், மாதிரி விவரப் படிவம். மாதிரி விவரப் படிவத்தில் 'பாலிமர்' என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும். ஒரு மையத்திலிருந்து என் படிவம் காரணம் எதுவும் சொல்லாமலேயே திரும்பி வந்து, தொலைபேசியில் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. வெற்றிடக் கருவிக்குள் போகிற பொருள் ஆவி விடுமா, எந்த வெப்பநிலையில் சிதையும் என்பதுதான் அவர்கள் கவலை. அதனால் இப்படி எழுதுங்கள்: பாலிமரின் முழுப் பெயர், மூலக்கூறு எடை, படலத் தடிமன், அடித்தளம் என்ன, கரைப்பான் மிச்சம் இல்லை, சிதையும் வெப்பநிலை இவ்வளவு, ஏற்கெனவே இத்தனை டிகிரியில் வெற்றிடத்தில் சூடாக்கப்பட்டது.

கட்டணம் மூன்று விதமாக இருக்கும்: உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளிக் கல்வி நிறுவனங்களுக்கு ஒன்று, கம்பெனிகளுக்கு ஒன்று. அறிவிப்பில் உள்ள தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக வரும். பட்ஜெட் போடும்போது பலர் இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். எஸ்.இ.எம்.முக்கு மணிக்கணக்கா, மாதிரிக் கணக்கா என்றும் கேட்டுவிடுங்கள். மணிக்கணக்கு என்றால் எத்தனை துண்டுகளை ஒரே ஸ்டேஜில் ஏற்றலாம் என்பது முக்கியமாகிவிடும்.

3. பாலிமர் வாங்குதல்

எதை வாங்குவது? பாலிஸ்டைரீன் பகுதி 46,000, பி.எம்.எம்.ஏ. பகுதி 21,000 கிராம்/மோல் என்ற அளவில் உள்ளது தொடக்கத்துக்கு நல்லது. உருளைகளின் விட்டம் சுமார் 20 நானோமீட்டர், மையத்திலிருந்து மையத்துக்கு 36 நானோமீட்டர் அளவில் வரும். இதைவிட மிகப் பெரிய மூலக்கூறு எடையை எடுத்தால் துளை பெரிதாகும், பார்க்க எளிது என்று தோன்றும். ஆனால் நீளமான சங்கிலிகள் மிக மெதுவாக நகரும். ஒழுங்கு வர நாட்கணக்கில் சூடாக்க வேண்டும். மிகச் சிறியதை எடுத்தால் இரண்டும் பிரியாமல் கலந்தே இருந்துவிடும்.

கூடவே இன்னொன்றும் வாங்க வேண்டும். புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதே இரண்டு பொருள்களும் தாறுமாறாகக் கோத்த, ஒரு முனையில் ஹைட்ராக்சில் உள்ள ரேண்டம் கோபாலிமர். ஸ்டைரீன் பங்கு 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது எதற்கு என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இரண்டையும் ஒரே ஆர்டரில் போடுங்கள். இல்லையென்றால் இறக்குமதிக் காத்திருப்பு இரண்டு முறை. மூன்றாவதாகச் சாதாரண பாலிஸ்டைரீன், ஒப்பீட்டுக்கு. அது மலிவு.

பிளாக் கோபாலிமர் ஒரு கிராம் பல நூறு டாலர் ஆகும். விலையைப் பார்த்ததும் கைடு முகம் சுளிப்பார். அப்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: ஒரு சதுர சென்டிமீட்டர் துண்டில் 35 நானோமீட்டர் படலம் என்றால் அதில் இருக்கும் பாலிமர் 4 மைக்ரோகிராம்கூட இல்லை. ஸ்பின் கோட்டரில் சுழன்று வெளியே பறப்பதையும் சேர்த்தால் துண்டுக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிராம் வாங்கினால் பிஎச்.டி. முடியும்வரை வரும்.

அரசு நிறுவனமாக இருந்தால் பர்ச்சேஸ் செக்ஷன் ஜெம் எனும் அரசுக் கொள்முதல் தளத்தில் பொருள் இல்லை என்பதற்கான அறிக்கையைக் கேட்கக்கூடும். ஒரே ஒரு கம்பெனிதான் தருகிறது என்றால் பி.ஏ.சி. எனப்படும் தனியுரிமைப் பொருள் சான்று கேட்கும். அதில் ஏன் வேறு கம்பெனியின் பொருள் ஆகாது என்பதை மூலக்கூறு எடை, பரவல் எண் (சங்கிலி நீளங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது), முனைக் குழு (சங்கிலியின் நுனியில் இருப்பது) என்று தொழில்நுட்பமாக எழுத வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு இருந்தால் சுங்கவரிச் சலுகை கேட்கலாம். அந்தச் சான்றின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சரக்கு விமான நிலையத்தில் கிடக்கும்போது சான்று காலாவதியாகியிருப்பது தெரிந்தால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

4. எத்தனை டிகிரி வரை போகலாம்?

பாலிமர் வந்ததும் படலம் பூச ஓடாதீர்கள். பத்து மில்லிகிராமைக் கொடுத்து டி.ஜி.ஏ.வும் டி.எஸ்.சி.யும் எடுங்கள். கீழ் எல்லை டிஜி: பாலிஸ்டைரீனுக்கு சுமார் 100 டிகிரி, பி.எம்.எம்.ஏ.வுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், 105 முதல் 125 வரை. மேல் எல்லை சிதைவு. இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வேலை.

டி.ஜி.ஏ.வை நைட்ரஜனில் ஒரு முறை, காற்றில் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் இரட்டிப்பாகும், ஆனாலும் எடுங்கள். அடுப்பில் காற்று கசிந்தால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் தெரியும். டி.ஜி.ஏ. வளைவில் 250 டிகிரி வரை எடை குறையவில்லை என்பதால் 250-இல் ஒரு நாள் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறும் சோதனையில் அந்த வெப்பநிலையில் பொருள் சில நிமிடங்கள்தான் இருந்திருக்கும். நீங்கள் வைக்கப்போகும் வெப்பநிலையிலேயே சில மணி நேரம் நிறுத்தி வைத்து எடை மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையைத் தனியாகக் கேளுங்கள்.

5. வேஃபரும் அடிப்பூச்சும்

நான்கு அங்குல டெஸ்ட் கிரேடு சிலிக்கன் வேஃபர் (மெல்லிய சிலிக்கன் வட்டு) போதும். வைரமுனைப் பேனாவால் ஓரத்தில் கீறி அழுத்தினால் நேர்கோட்டில் உடையும். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக அறுபது வரை கிடைக்கும். எண்களைப் பின்பக்கம் அதே பேனாவால் கீறுங்கள். மார்க்கரில் எழுதினால், நாம் பயன்படுத்தும் கரைப்பானான டொலுவீன் பட்டவுடன் மை கரைந்து, படலத்துக்கே வந்து சேரும்.

அசிட்டோன், ஐசோபுரொப்பனால், பிறகு இருபது நிமிடம் யு.வி. ஓசோன். இது போதும். பிரானா கரைசல் வேண்டும் என்று சீனியர்கள் சொல்வார்கள். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த அது கரிமக் கரைப்பான் பட்டால் வெடிக்கும். மூடிய பாட்டிலில் வைத்தாலும் வெடிக்கும். அசிட்டோன் பாட்டில் பக்கத்திலேயே இருக்கும் மேசையில் அதைத் தயாரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். புதியவர்கள் தொடவே வேண்டாம்.

இப்போது அந்த ரேண்டம் கோபாலிமர். சிலிக்கன் மேல் எப்போதும் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு இருக்கும். அது பி.எம்.எம்.ஏ.வைப் பிடித்து இழுக்கும், உருளைகள் படுத்துவிடும். படுத்த உருளையை நீக்கினால் வாய்க்கால் வரும், துளை வராது. ரேண்டம் கோபாலிமரை அடிப்பூச்சாகக் கட்டிவிட்டால் அடித்தளம் இரண்டு பொருளுக்கும் நடுநிலையாகிவிடும், உருளைகள் நிமிர்ந்து நிற்கும். பூசி, வெற்றிடத்தில் 170 டிகிரியில் இரண்டு நாள், அல்லது நல்ல நைட்ரஜன் சூழலில் 250 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். ஹைட்ராக்சில் முனை ஆக்சைடோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை டொலுவீனில் மூன்று தடவை கழுவுங்கள். மிஞ்சுவது 5, 6 நானோமீட்டர்.

இந்த அடிப்பூச்சு சரியாக வந்ததா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பக்கவாட்டில் மொபைலில் படமெடுங்கள். தண்ணீரின் தொடுகோணம் (சொட்டின் ஓரம் பரப்போடு செய்யும் கோணம்) வெறும் பாலிஸ்டைரீனில் 90 டிகிரிக்குப் பக்கமும் பி.எம்.எம்.ஏ.வில் 70 டிகிரிக்குப் பக்கமும் இருக்கும். அடிப்பூச்சில் நடுவில் வர வேண்டும். தண்ணீர் தட்டையாகப் பரவினால் அடிப்பூச்சே ஒட்டவில்லை.

6. படலம் பூசுதல்

பிளாக் கோபாலிமரின் ஒரு சதவீதக் கரைசல், டொலுவீனில். 0.2 மைக்ரோமீட்டர் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வடிகட்டியில் வடிகட்டுங்கள், வேறு வகை வடிகட்டி டொலுவீனில் கரைந்துவிடக்கூடும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 30 முதல் 40 நானோமீட்டர் கிடைக்கும். எலிப்ஸோமீட்டரில் அளக்கும்போது ஒளிவிலகல் எண்ணை 1.57 அளவில் நிலையாக வைத்துத் தடிமனை மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு மெல்லிய படலத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டால் வாய்க்கு வந்த எண் வரும்.

ஈரப்பதம் பற்றி ஒரு எச்சரிக்கை. சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் மழைக்காலத்தில் குளோரோஃபார்ம், டி.எச்.எஃப். போன்ற வேகமாக ஆவியாகும் கரைப்பான்களைப் பயன்படுத்தினால் படலப் பரப்பு குளிர்ந்து அதன்மேல் பனித்துளி படியும். அந்தத் துளிகள் காய்ந்ததும் அழகான வட்டத் துளைகள் விட்டுப்போகும். சூடாக்குவதற்கு முன்பே வந்த துளை அது. டொலுவீனில் இந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் பூசிய படலம் ஒன்றைச் சூடாக்காமல் அப்படியே எடுத்து வைத்து, அதையும் ஏ.எஃப்.எம்.மில் பாருங்கள்.

7. சூடாக்குதல்

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலானோர் மாதிரிகளை இழக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாக.

வெப்பநிலை: 180 முதல் 190 டிகிரி, வெற்றிடத்தில், ஒரு நாள். வேகமாக வேண்டுமென்றால் 230 டிகிரியில் நைட்ரஜனில் சில நிமிடங்களிலும் செய்யலாம், ஆனால் அங்கே ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தாலும் பாலிஸ்டைரீன் மஞ்சளடிக்கும், சங்கிலி உடையும். நல்ல க்ளவ் பாக்ஸ் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) இல்லாதவர்கள் மெதுவான வழியிலேயே போங்கள்.

அடுப்பின் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஹாட் பிளேட்டில் பத்து இருபது டிகிரி வேறுபாடு சாதாரணம். ஒரு வெற்று வேஃபர் துண்டின் மேல் தெர்மோகப்பிளை ஒட்டி அளந்து, திரை எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வெற்றிட அடுப்பில் இன்னொரு சிக்கல்: காற்று இல்லாததால் வெப்பம் தட்டு வழியாகவும் கதிர்வீச்சாகவும் மட்டுமே வரும். திரையில் 180 வந்து அரை மணி ஆகியும் மாதிரி அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். கனமான அலுமினியத் தட்டின் மேல் துண்டுகளை வைத்து, தட்டு வெப்பநிலையை எட்டிய பிறகே கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் 70 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்து மிச்சக் கரைப்பானை வெளியேற்றுங்கள். வெற்றிடத்தை நிலைநிறுத்திய பிறகே டிஜியைத் தாண்டுங்கள். ஒரு நாள் கழித்து அடுப்பை அணைத்து, வெற்றிடத்தை விடாமல் 80 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். மாலை ஐந்து மணிக்கு லேப் பூட்டப்படும் என்று அவசரப்பட்டு 150-இல் காற்றை உள்ளே விடுவது பொதுவான பழக்கம். அதனால் ஒரு நாள் வேலை போகும். இரவு முழுக்க ஓடும் அடுப்புக்குப் பல துறைகளில் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் உங்கள் தொலைபேசி எண், பொருளின் பெயர், உச்ச வெப்பநிலை மூன்றும் இருக்க வேண்டும். சீட்டை அடுப்புக் கதவிலேயே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் இரவுக் காவலர் அணைத்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அடுப்பை இதற்கு முன் யார், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். சிலிக்கோன் எண்ணெய், சிலிக்கோன் ரப்பர் சூடாக்கிய அடுப்பென்றால் அதன் ஆவி உங்கள் படலத்தில் படிந்து படலத்தை விலக்கிப் பள்ளம் பறிக்கும். வெறும் அடுப்பை 200 டிகிரியில் ஓர் இரவு வெற்றிடத்தில் ஓட்டிவிட்டுப் பிறகு உங்கள் துண்டுகளை வையுங்கள்.

இனி, சூடாக்கிய பின் தெரியும் வேண்டாத ஓட்டைகள். அடிப்பூச்சு சரியில்லாத இடத்தில் படலம் பரப்பை விட்டு விலகிச் சுருண்டுகொள்ளும். அப்படி விழும் ஓட்டை நூற்றுக்கணக்கான நானோமீட்டரிலிருந்து பல மைக்ரோமீட்டர் வரை இருக்கும், சுற்றிலும் வரப்புபோல உயர்ந்த விளிம்பு இருக்கும், ஆழம் படலத் தடிமனுக்குச் சமமாக இருக்கும். விளிம்பு தெரிந்தால் அது விலகல்தான், சந்தேகமே வேண்டாம். இன்னொரு வகை: உருளைகள் படுத்திருந்து, படலத் தடிமனும் அவற்றின் அடுக்குக்குப் பொருந்தாமல் இருந்தால் பரப்பு மேடும் பள்ளமுமாகப் பிரியும். பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய ஓர் அடுக்கின் அளவுதான் இருக்கும், அடித்தளம் வரை போகாது. இதைத் தடிமனை மாற்றியும் அடிப்பூச்சைச் சரிசெய்தும் நீக்கலாம்.

இவற்றையெல்லாம் பிரித்தறிய ஒவ்வொரு முறையும் நான்கு துண்டுகளைச் சேர்த்தே தயார் செய்யுங்கள்: அடிப்பூச்சு மட்டும் உள்ளது, பூசிச் சூடாக்காதது, அதே தடிமனில் சாதாரண பாலிஸ்டைரீன் பூசிச் சூடாக்கியது, உங்கள் மாதிரி. சாதாரண பாலிஸ்டைரீனிலும் ஓட்டை விழுந்தால் பிரச்சினை பிளாக் கோபாலிமரில் இல்லை. துப்புரவிலோ அடுப்பிலோ இருக்கிறது. முதல் பார்வைக்குச் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பே போதும். அதில் ஓட்டை தெரிகிற துண்டை எஸ்.இ.எம்.முக்கு எடுத்துப் போய்ப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

8. துளையைத் திறத்தல்

254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பி.எம்.எம்.ஏ.வைத் துண்டாக்கும், பாலிஸ்டைரீனைக் குறுக்கே பிணைக்கும். இரண்டும் ஒரே கதிரில் நடப்பது நமக்கு நல்லதாகப் போயிற்று. பொதுவாகத் தரும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 25 ஜூல். கட்டுரைகளில் இத்தனை நிமிடம் என்று எழுதியிருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் விளக்கின் வலிமை வேறு. சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்றால் 83 நிமிடம், 1 மில்லிவாட் என்றால் ஏழு மணி நேரம். பவர் மீட்டரை இரவல் வாங்கி அளந்துவிடுங்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். மூடி குவார்ட்ஸாக இருக்க வேண்டும். காற்றில் வைத்தால், விளக்கைப் பொறுத்து ஓசோன் உருவாகிப் பாலிஸ்டைரீனையும் அரிக்கலாம். ஆகவே வெற்றிடம் அல்லது நைட்ரஜன்.

அப்புறம் அடர் அசிட்டிக் அமிலத்தில் இருபது நிமிடம், பிறகு தூய நீர். ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வக அறை) செய்யுங்கள். அடர் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலேயே உறையும். ஏசியை 16-இல் வைக்கும் லேப்களில் காலையில் பாட்டில் கட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

கழுவிய துண்டை 'நன்றாகக் காயட்டும்' என்று ஹாட் பிளேட்டில் வைத்துவிடாதீர்கள். பத்து நானோமீட்டர் ஆரமுள்ள துளையின் சுவரில் பரப்பு இழுவிசை கொடுக்கும் அழுத்தம் சுமார் 3 மெகாபாஸ்கல், அதாவது முப்பது வளிமண்டல அழுத்தம். பிணைப்பு போதாத பாலிஸ்டைரீன் டிஜிக்குப் பக்கத்தில் போனாலே இளகி, துளை மூடிக்கொள்ளும். மிக மெல்லிய பாலிஸ்டைரீன் படலங்களில் டிஜி மொத்தப் பொருளின் மதிப்பைவிடக் குறைவாக இருக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அறை வெப்பநிலையில் நைட்ரஜன் ஊதிக் காயவையுங்கள்.

9. படம் எடுப்பதும் எண்ணுவதும்

எஸ்.இ.எம். இயக்குபவர் பழக்கப்படி தங்கம் பூசிவிடுவார். வேண்டாம் என்று படிவத்திலேயே எழுதுங்கள். தங்கத்தின் பருக்கைகள் உங்கள் துளையின் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். துளை அடைபடும், இல்லாத இடத்தில் விரிசல் தெரியும். அடியில் சிலிக்கன் இருப்பதால் 35 நானோமீட்டர் படலத்துக்குப் பூச்சு தேவையில்லை. 1 முதல் 2 கிலோவோல்ட்டில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நின்று ஃபோகஸ் செய்தால் எலக்ட்ரான் கற்றையே படலத்தை மாற்றிவிடும். பக்கத்து இடத்தில் ஃபோகஸ் செய்து, நகர்ந்து வந்து படமெடுங்கள்.

ஏ.எஃப்.எம். காட்டும் ஆழத்தை எழுதாதீர்கள். ஊசி முனையின் ஆரமே எட்டு, பத்து நானோமீட்டர். 20 நானோமீட்டர் துளையின் அடிவரை அது இறங்காது. துளை அடிவரை போகிறதா என்பதைக் காட்ட வேஃபரை உடைத்துக் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும்.

சரிபார்க்க ஒரு கணக்கு. மைய இடைவெளி 36 நானோமீட்டர் என்றால், ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் சுமார் 890 துளைகள் இருக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பதாயிரம் கோடி. விட்டம் 20 என்றால் பரப்பில் 28 சதவீதம் துளை. இமேஜ்-ஜே எனும் பட ஆய்வு மென்பொருளில் எண்ணிப் பாருங்கள். 300 வந்தால் பாதிக்கு மேல் படுத்திருக்கின்றன அல்லது திறக்கவில்லை. அழகான மூலையை மட்டும் வெட்டித் தீசிஸில் போடாமல், துண்டின் ஐந்து இடங்களில் எண்ணி எழுதுங்கள்.

10. வெப்பமே துளை போடும் வழி

அமிலமும் கதிரும் வேண்டாம் என்பவர்களுக்கு: சூட்டில் இறுகும் ஒரு தாய்ப்பொருளோடு, சூட்டில் சிதைந்து பறந்துபோகும் பாலிமரைக் கலந்து பூசுவது. மெத்தில்சில்செஸ்குவியாக்சேன் என்ற சிலிக்கன்-ஆக்சிஜன் சேர்மம் தாய்ப்பொருளாகப் பெயர் பெற்றது. 150 முதல் 250 டிகிரிக்குள் அது இறுகும், அப்போதே கலந்த பாலிமர் சிறு திட்டுகளாகப் பிரியும். நைட்ரஜனில் 400 டிகிரிக்குப் பக்கம் போனால் திட்டுகள் சிதைந்து வெளியேறி அந்த இடங்களில் துளை மிஞ்சும். இங்கே வெப்பம் ஏறும் வேகம்தான் எல்லாம். இறுகுவதற்கு முன் சிதைந்தால் துளை மூடிவிடும். திட்டுகள் பிரிய அதிக அவகாசம் கொடுத்தால் பெருத்துவிடும். நிமிடத்துக்கு 5 டிகிரியில் தொடங்குங்கள். துளைகள் தனித்தனியாக வேண்டுமென்றால் கலப்பு விகிதத்தைக் குறைவாக வையுங்கள். 30 சதவீதத்தை நெருங்கும்போது அவை ஒன்றோடொன்று இணைந்து வழியாகிவிடும். அறுகோண ஒழுங்கை இதில் எதிர்பார்க்காதீர்கள். 400 டிகிரி உலையும் ஓடும் நைட்ரஜனும் வேண்டும் என்பதால் சாதாரண வெற்றிட அடுப்பில் இது முடியாது.

11. கால அட்டவணை

பாலிமர் இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்ட அன்றே கருவி மையப் பதிவையும் தொடங்குங்கள். இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் சாதாரண பாலிஸ்டைரீனை வைத்துத் துப்புரவு, பூச்சு, அடுப்பு மூன்றையும் பழகுங்கள். பாலிமர் கைக்கு வந்த பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் ஆகும்: அடிப்பூச்சுக்கு மூன்று நாள், சூடாக்க ஒன்றரை நாள், கதிரும் கழுவலும் ஒரு நாள், முதல் பார்வைக்கு ஒரு நாள். எஸ்.இ.எம். ஸ்லாட்டை வியாழன், வெள்ளியில் கேட்டு வாங்குங்கள்; திங்கள் ஸ்லாட் கிடைத்தால் துண்டுகள் வார இறுதி முழுக்கத் தூசி வாங்கும்.

வெளியூருக்கு அனுப்புவதென்றால் வேஃபர் துண்டை ஒட்டும் ஜெல் பெட்டியில், பூச்சு மேலே பார்க்க வைத்து அனுப்புங்கள். டிஷ்யூ தாளில் சுற்றாதீர்கள். கரைசலை அனுப்பவே அனுப்பாதீர்கள். டொலுவீன் தீப்பற்றும் சரக்கு, சாதாரணக் கூரியரில் போகாது. பெட்டிக்குள் மாதிரி விவரப் படிவத்தின் ஒரு நகலையும், படம் எடுக்க வேண்டிய மின்னழுத்தமும் 'தங்கம் பூச வேண்டாம்' என்ற குறிப்பும் உள்ள ஒரு துண்டுச் சீட்டையும் வையுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிய குறிப்பு பெரும்பாலும் இயக்குபவரின் மேசைக்கு வந்து சேர்வதில்லை.